பழைய வீடியோ கேசட்: ஸ்டுடியோவில் கொடுப்பதா, வீட்டிலேயே மாற்றுவதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் கல்ஃப் காசு வந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு கேசட் பை கிடக்கும். கல்யாணம், பால்காய்ச்சு, புதுநன்மை, மஸ்கட்டிலிருந்து ஊருக்கு அனுப்பிய ‘எல்லாரும் சுகமா’ கேசட், நடுவில் திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் பிடித்த ஏதோ ஒரு நிகழ்ச்சி. பை இருக்கிறது, போட்டுப் பார்க்க விசிஆர் டெக் இல்லை. ஸ்டுடியோவில் கொடு என்பார் ஒருவர். ஆன்லைனில் டாங்கிள் (டெக் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் சின்னக் கருவி) வாங்கு, சில நூறு ரூபாய்தான் என்பார் இன்னொருவர். சென்னைக்கோ கொச்சிக்கோ அனுப்பு என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே சரி, ஆனால் ஒரே பைக்கு அல்ல. அந்தப் பைக்குள் மூன்று நாலு வகை நாடா கலந்து கிடக்கும். ஒன்றுக்கு ஏற்ற வழி இன்னொன்றைக் கெடுத்துவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: படம் நன்றாக வருவதும் கெடுவதும் கேசட்டை ஓட்டும் இயந்திரத்தில்தான். கம்ப்யூட்டரில் செருகும் டாங்கிளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் காசைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

பையைக் கொட்டி வகை பிரிக்க

சுமார் 19 செ.மீ. அகலமுள்ள பெரிய கறுப்புக் கேசட் விஎச்எஸ். ஜேவிசி 1976-இல் கொண்டுவந்தது. தடிமன் அதே மாதிரி, ஆனால் அகலம் மூன்று செ.மீ. குறைவு என்றால் பீட்டாமேக்ஸ். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் உள்ளே நாடா விஎச்எஸ் போலவே அரை அங்குலம் என்றால் விஎச்எஸ்-சி. பாட்டுக் கேசட் அளவில் கொஞ்சம் தடியாக இருந்தால் 8 மி.மீ. குடும்பம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது மினிடிவி.

இதில் இரண்டு குழப்பம் அடிக்கடி வரும். விஎச்எஸ்-சி கேசட்டை ஓர் அடாப்டருக்குள் வைத்துச் சாதாரண டெக்கில் ஓட்டலாம். அதைப் பார்த்துவிட்டு 8 மி.மீ. கேசட்டுக்கும் அடாப்டர் தேடி அலைகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்று கிடையாது. நாடாவின் அகலமே வேறு, பதிவு முறையும் வேறு. இரண்டாவது, வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 மூன்றுக்கும் பெட்டி ஒன்றுதான். ஹை8 என்று அச்சிட்ட கேசட்டில் டிஜிட்டல்8 கேமரா பதிந்திருக்கலாம். அதைப் பழைய ஹை8 கேமராவில் போட்டால் படம் வராது. உடனே ‘கேசட் அழிஞ்சு போச்சு’ என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

பிரிக்கும்போதே பதிவுத் தடுப்பைப் பாருங்கள். விஎச்எஸ்ஸில் கேசட்டின் முதுகு ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட வேண்டும். மற்ற சின்னக் கேசட்டுகளில் பெரும்பாலும் தள்ளும் விசை இருக்கும். டெக்கில் தவறிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போன பத்து நொடியை எந்த ஸ்டுடியோவாலும் மீட்டுத் தர முடியாது.

எந்த ஊர்ப் பதிவு?

இந்தியாவும் ஓமான், அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைனும் பேல் என்ற டிவி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியவை: 625 வரி, நொடிக்கு 25 படம். அங்கிருந்து வந்த கேசட் இங்கே சிக்கல் செய்யாது. சவூதியில் டிவியிலிருந்து பிடித்த கேசட் மட்டும் சில சமயம் கறுப்பு வெள்ளையாக ஓடும். அங்கே செகாம் முறை ஒளிபரப்பு இருந்ததுதான் காரணம். நிறம் நாடாவில் பத்திரமாக இருக்கும், நம்ம டெக்குக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கல்ஃபிலிருந்து வந்த பழைய மல்டி சிஸ்டம் டெக்கில் ‘மீசெகாம்’ என்ற விசை இருந்தால் அதைத் தட்டி, கேப்சர் மென்பொருளிலும் (படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் மென்பொருள்) செகாம் என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து வந்தது என்டிஎஸ்சி முறை. பேல் மட்டும் தெரிந்த டெக்கில் படம் உருளும், குரல் இழுத்துக்கொண்டு கேட்கும். நாடா ஓடும் வேகமே வேறு என்பதால் அப்படி: பேல் விஎச்எஸ் நொடிக்கு 23.39 மி.மீ., என்டிஎஸ்சி 33.35 மி.மீ. ‘என்டிஎஸ்சி பிளேபேக்’ என்று எழுதிய டெக்குகள் இதை ஓட்டும், ஆனால் வெளியே விடுவது இரண்டுங்கெட்டான் சிக்னல்: வரி என்டிஎஸ்சி, நிறம் பேல். டிவி சமாளித்துக்கொள்ளும். டாங்கிள் திணறும். மென்பொருளில் ‘பேல்-60’ அல்லது ‘என்டிஎஸ்சி 4.43’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேசட்டை மட்டும் வெளியே கொடுப்பது நல்லது.

கேசட் முதுகில் உள்ள இ-180, டி-120 என்பது முறையைச் சொல்லாது, நீளத்தைத்தான் சொல்லும். டி-120 கேசட்டை நம்ம பேல் டெக்கில் போட்டால் இரண்டு மணி நேரமல்ல, ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஓடும். கேப்சர் 120 நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைத்துவிட்டுப் போனால் மறுவீடு முழுக்கப் போய்விடும்.

பூஞ்சை பிடித்ததா என்று பார்க்காமல் எதையும் ஓட்டாதீர்கள்

நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூனில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பூப்பல் என்பார்கள். மதுரைக்காரருக்குத் தேவைப்படாத பாதி எச்சரிக்கை நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பு கறுப்புக் கண்ணாடி போல மழமழவென்று இருக்க வேண்டும். வெள்ளைத் தூள், சிலந்தி வலை மாதிரி இழை, சாம்பல் திட்டு எது தெரிந்தாலும் அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து ஜிப் கவரில் போடுங்கள். அதை ஓட்டினால் மூன்று கேடு: ஒட்டிப்போன சுற்று பிரியும்போது நாடா கிழியலாம், தூள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அடைத்து டெக் அத்தோடு நிற்கலாம், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது. ஸ்டுடியோவில் உங்கள் கேசட்டுக்கு முன்னால் யாருடைய கேசட் ஓடியது என்பது உங்கள் கவலையும்தான்.

லேசான பூஞ்சை என்றால் வீட்டில் சமாளிக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். காய்ந்தால் பூஞ்சை உதிரும் தூளாகும், ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பசையாகப் பூசிக்கொள்ளும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரியில் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும், ஆனால் நீல ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் சமைக்கும் அவனில் செய்யாதீர்கள்.

பிறகு கேசட்டைக் கவிழ்த்து அடியிலுள்ள 5 திருகுகளைக் கழற்றி, இரு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடியே நிமிர்த்தி, மேல் பாதியைத் தூக்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை, நாடா எந்த உருளைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று போனில் ஒரு படம் எடுப்பது. சின்ன ஸ்பிரிங்குகள் துள்ளி ஓடும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். சுருளின் விளிம்பையும் பெட்டியின் உள்பக்கத்தையும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பின் நாடாவைக் கையால் சுற்றிக்கொண்டே இரு பக்கமும் உலர்ந்த துணிக்கு நடுவே ஓடவிட வேண்டும். இ-180-இல் சுமார் 258 மீட்டர் நாடா, பொறுமை வேண்டும். துடைத்த சுருள்களைப் பழைய பெட்டியில் திரும்ப வைக்காமல், வேண்டாத சினிமாக் கேசட் ஒன்றின் சுத்தமான பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். வேலை முழுவதும் வெளித் திண்ணையில், மாஸ்க் போட்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வரவே வேண்டாம்.

சுருளின் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் வீட்டு வேலை இல்லை.

ஸ்டுடியோ: எதற்குச் சரி, எங்கே கெடும்

பூஞ்சை இல்லாத, நேராக ஓடும் விஎச்எஸ் கேசட் மூன்று நான்கு மட்டும் இருக்கிறது, படம் பார்க்கும் அளவுக்கு வந்தால் போதும் என்பவருக்கு ஊர் ஸ்டுடியோவே வசதி. நாலு கேசட்டுக்காக டெக் தேடி அலைவது வீண். ஆனால் கொடுக்கும் முன் சிலது கேட்டே ஆக வேண்டும்.

டிவிடியாகவா, ஃபைலாகவா? மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே 4.7 ஜிபி டிவிடியில் அடைத்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும். விஎச்எஸ் படத்தில் இயல்பாகவே இரைச்சல் அதிகம், அந்த இரைச்சலை அமுக்கப் போய் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். டிவிடி தட்டும் நம்ம ஈரத்தில் நிலைப்பதில்லை. பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஃபைலாக வாங்குங்கள்.

படம் 4:3 வடிவத்திலேயே வருமா? பெரிய டிவிக்குப் பொருத்தமாக என்று 16:9-க்கு இழுத்துவிடும் பழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் குள்ளமும் குண்டுமாகி நிற்பார்கள். 720×576-இல் வாங்குங்கள். ‘எச்.டி. ஆக்கித் தருகிறோம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விஎச்எஸ்ஸில் படுக்கைவாட்டில் ஏறத்தாழ 240 வரி விவரம்தான் இருக்கிறது. இல்லாத விவரத்தை மென்பொருள் கற்பனை செய்து நிரப்பும்போது பாட்டியின் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும், அது பாட்டியும் இல்லை.

ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவே ஹெட் துடைப்பார்களா? சலிப்பாகப் பார்த்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். கடைசியாக, எல்லாக் கேசட்டையும் ஒன்றாகக் கொடுக்காமல் முக்கியமில்லாத ஒன்றை முதலில் கொடுத்துப் பாருங்கள். வந்த ஃபைலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் உதடு அசைவும் பேச்சும் சேர்ந்தே போகின்றனவா என்று பார்த்தால் அந்தக் கடையின் தரம் தெரிந்துவிடும். முதலில் சரியாக இருந்து போகப் போக ஒலி விலகினால், கேப்சரில் படங்கள் விடுபட்டிருக்கின்றன.

வெளியூர் நிபுணர்

பீட்டாமேக்ஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. சோனி பீட்டாமேக்ஸ் டெக் செய்வதை 2002-இலேயே நிறுத்திவிட்டது, ஓடும் டெக் ஒன்று கிடைப்பது அபூர்வம். கனத்த பூஞ்சை, தண்ணீர் புகுந்த கேசட், ஓடும்போது கீச்சென்று கத்தி நிற்கும் நாடா எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

செலவு கேசட்டுக்குக் கேசட் மாறும், முன்கூட்டியே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கூரியரில் அனுப்புவதைவிட யாராவது போகும்போது கையில் கொடுத்தனுப்புவது மேல். எக்ஸ்-ரே சோதனையால் நாடா அழியாது, அந்தப் பயம் வேண்டாம். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஆபத்து.

இப்போது விஎச்எஸ்-டீகோட் என்று ஒரு முறை ஆர்வலர்களிடம் ஓடுகிறது. டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் மூல சிக்னலையே அப்படியே பதிந்து, பிறகு மென்பொருளால் படமாக்குவது. பலன் அருமைதான், ஆனால் டெக்கைத் திறந்து ஒயர் இழுக்க வேண்டும், டிஸ்க் நிறைய வேண்டும், கம்ப்யூட்டரும் நெடுநேரம் ஓட வேண்டும். ஒரு குடும்பத்தின் பத்துக் கேசட்டுக்கு இது கோழி அடிக்கக் குறுந்தடி தேடுகிற கதை.

வீட்டில் செய்வது: டெக்கில் தொடங்குகிறது

பத்து கேசட்டுக்கு மேல் இருந்தால், அல்லது ஒரு கேசட் உயிருக்குச் சமம் என்றால், வீட்டு வழி லாபம். தடை ஒன்றுதான்: 2016 ஜூலையில் ஃபுனாய் நிறுத்தியதோடு உலகில் புது விசிஆர் உற்பத்தி முடிந்துவிட்டது. கிடைப்பதெல்லாம் பழசு. சொந்தக்காரர் பரண், ஆக்கர் கடை (பழைய இரும்புக் கடை), ஆன்லைன் பழைய பொருள் சந்தை, சென்னை ரிச்சி தெரு.

வாங்கும்போது வேண்டாத கேசட் ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். உள்ளே இழுத்து, ஓட்டி, வேகமாகச் சுற்றி, வெளியே தள்ளி, நான்கும் தடங்கலின்றி நடக்க வேண்டும். வெளியே எடுத்த கேசட்டின் ஓரத்திலுள்ள சின்னப் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்து நாடாவைப் பாருங்கள். விளிம்பு மடங்கியிருந்தாலோ சுருக்கம் விழுந்திருந்தாலோ டெக் டேப்பைத் தின்னும் ரகம். பெரும்பாலும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளை காய்ந்து வழுக்குவதுதான் காரணம், அதை மாற்றக் கிடைத்தால் சரியாகும். கேசட்டை உள்ளே இழுத்ததும் உடனே துப்பினால் மோட் சுவிட்ச் அழுக்கு அல்லது பெல்ட் தளர்ச்சி. படம் முழுக்க மழையாக இருந்தால் ஹெட் அடைப்பு, இது எளிது.

ஹெட் துடைப்பதைத் தப்பாகச் செய்து டெக்கைக் கொல்பவர்கள்தான் அதிகம். பிளக்கைப் பிடுங்கி மேல்மூடியைக் கழற்றினால் சாய்வாக நிற்கும் பளபளப்பான உலோகச் சிலிண்டர் தெரியும், அதுதான் டிரம். அதன் இடுக்கில் கண்ணுக்குப் புலப்படாத அளவு சின்னதாக ஹெட் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். சாதாரண வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒரு விரலால் டிரம்மின் மேல் அழுத்தாமல் ஒட்டிப் பிடியுங்கள். தாள் அசையக் கூடாது. மறு கையால் டிரம்மின் மேல்பாகத்தைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள், ஐந்தாறு சுற்று. தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை புதுத் தாள் மாற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை ஒடிந்துவிடும், அத்தோடு டெக் பழைய இரும்பு. காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், அதன் இழை ஹெட்டில் மாட்டும். நாடா போகும் மற்ற உருளைகளையும் பிஞ்ச் ரோலரையும் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் காயவிட்டுத்தான் கேசட்டைப் போட வேண்டும்.

முதல் கேசட்டை உடனே கேப்சர் செய்யாமல், முழுதாக முன்னே சுற்றி, முழுதாகப் பின்னே சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளர்ந்து இழுவிசை ஒரே சீராகும். பிறகு ஓட்டி, ஹெட் நாடாவின் தடத்தில் சரியாக விழும்படி டிராக்கிங்கைச் சரிசெய்யுங்கள். திரையின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நெளியும் கோடு எப்போதும் இருக்கும். அது கோளாறு அல்ல, ஹெட் மாறும் இடம். பழைய குழாய் டிவியில் சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மேல் ஓரம் கொடி பறப்பது போல வளைந்தால் அது இழுவிசைக் கோளாறு.

அந்த வளைவும் படத்தின் லேசான நடுக்கமும்தான் டாங்கிளைப் படுத்துகின்றன. வரிகள் குறித்த நேரத்தில் வராதபோது டிவி பொறுத்துக்கொள்ளும், டாங்கிள் படத்தையே விட்டுவிடும். இதைச் சீராக்கும் டிபிசி என்ற சுற்று சில எஸ்-விஎச்எஸ் என்ற உயர்ரக டெக்குகளில் உள்ளேயே இருக்கும், நம்ம ஊரில் அவை அரிது. மலிவான மாற்று ஒன்று உண்டு. பானாசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டரை டெக்குக்கும் டாங்கிளுக்கும் நடுவே வைத்து, எதையும் பதியாமல் சிக்னலை மட்டும் கடத்துவது. வளைவு நிமிர்ந்துவிடும். கல்ஃபிலிருந்து வந்த டிவிடி ரெக்கார்டர் வீட்டில் இருந்தால் அதை ஆக்கர் கடைக்குப் போடும் முன் ஒரு தடவை முயன்று பாருங்கள். சில ரெக்கார்டர்கள் நடுங்கும் கல்யாணக் கேசட்டையே ‘காப்பி தடை செய்யப்பட்டது’ என்று சொல்லி மறுக்கும், அதற்குக் கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

மற்றது சுலபம். ஏவி அவுட்டிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர். ஆன்டெனா ஒயரில் எடுக்காதீர்கள். டாங்கிளை யுஎஸ்பி ஹப்பில் அல்லாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். வெர்ச்சுவல்டப் போன்ற மென்பொருளில் 720×576, நொடிக்கு 25 படம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்கத்துக்குத் தரம் குறைக்காத ஹஃப்யுவி அல்லது லகாரித். மணிக்கு 35 ஜிபி அளவில் பிடிக்கும், மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 110 ஜிபி காலியாக இருக்கட்டும். டிஸ்க் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபி-யில் நின்றுவிடும். விடுபட்ட படங்களின் எண்ணிக்கையை மென்பொருளே காட்டும், மணிக்கு இரண்டு மூன்று என்றால் சரி, நூறு என்றால் டெக்கைப் பாருங்கள். மின்வெட்டு நேரம் தெரிந்து தொடங்குங்கள், இல்லையென்றால் யுபிஎஸ்.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் அப்படியே பதிபவர்கள் பலர். அது வந்தவுடனே படத்தை 1920×1080-க்கு ஊதிப் பெரிதாக்கிவிடும், ஒற்றைப்படை இரட்டைப்படை வரிகள் கலந்து, கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். அதைப் பிறகு எடுக்க முடியாது. மூலத்தை அப்படியே பிடித்து, பிறகு க்யூடிஜிஎம்சி அல்லது யாடிஃப் என்ற வரி பிரிக்கும் வடிகட்டி கொண்டு நொடிக்கு 50 படமாக்கி, எச்.264-இல் சுருக்கினால் மணிக்கு இரண்டேகால் ஜிபி-யில் நல்ல பிரதி கிடைக்கும்.

நாடா அறுந்தால்? இரு முனையையும் நேராக வெட்டி, வீடியோ ஒட்டுநாடாவால் மட்டும் சேர்க்க வேண்டும். கேசட்டின் கதவைத் திறந்தால் வெளியே பார்க்கும் பக்கம்தான் காந்தப் பூச்சு, ஒட்டு அதன் முதுகில் வர வேண்டும். சாதாரண செல்லோ டேப்பின் பசை சூட்டில் வழிந்து நேராக ஹெட்டுக்குப் போகும். இரு கோடியிலும் உள்ள ஒளி ஊடுருவும் துண்டை வெட்டி எறிந்துவிடாதீர்கள். டெக்கின் நடுவிலுள்ள விளக்கின் ஒளி அதன் வழியாகப் பாய்ந்தால்தான் ‘நாடா முடிந்தது’ என்று மோட்டார் நிற்கும். அது இல்லாவிட்டால் இழுத்து அறுத்துவிடும்.

8 மி.மீ., மினிடிவி

இந்த இரண்டிலும் டாங்கிள் பேச்சே வேண்டாம். மினிடிவி ஏற்கனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் ஒயரில் எடுத்தால் நாடாவில் உள்ளது அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும், மணிக்கு சுமார் 13 ஜிபி, எடுத்த தேதியும் நேரமும் உட்பட. ஏவி ஒயரில் எடுக்கும் ஸ்டுடியோ நல்ல படத்தைக் கெடுத்துத் தருகிறது. கேமராவில் உள்ள யுஎஸ்பி துளை பெரும்பாலும் போட்டோவுக்குத்தான். ‘ஃபயர்வயர்–யுஎஸ்பி’ என்று மலிவாக விற்கும் ஒயர் வேலை செய்யாது, முனை மட்டும்தான் மாறும். மேசைக் கம்ப்யூட்டரில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போட்டு, விண்டிவி அல்லது லினக்ஸில் டிவிகிராப் கொண்டு எடுங்கள். எல்பி வேகத்தில் (நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் வேகம்) எடுத்த கேசட் வேறு கேமராவில் கட்டம் கட்டமாக உடையலாம், எடுத்த கேமராவே இருந்தால் அதையே தேடுங்கள்.

வீடியோ8, ஹை8-க்கு, பழைய நாடாவையும் படிக்கும் டிஜிட்டல்8 ஹேண்டிகேம் கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை. நடுக்கத்தைச் சீராக்கி, ஃபயர்வயர் வழியே டிஜிட்டலாகவே தரும். எல்லா டிஜிட்டல்8 கேமராவும் பழைய நாடாவைப் படிக்காது, ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 1990-ஐ ஒட்டிய வீடியோ8 கேமராவில் மீன் நாற்றம் அடித்தால் உள்ளே கெபாசிட்டர் கசிந்திருக்கிறது, வாங்க வேண்டாம். ஏசி அறையிலிருந்து மழைக்காற்றுக்கு எடுத்து வந்த சோனி கேமரா சி:21 என்று காட்டி நின்றால் பழுதல்ல, உள்ளே ஈரம் படிந்திருக்கிறது. கேசட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும்.

ஒலியை இரண்டு தடவை கேளுங்கள்

கல்யாணக் கேசட்டில் நாதஸ்வரமோ கோவில் மணியோ கேட்காமல் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டே ஓடுவது நமக்குப் பழகிய கொடுமை. விஎச்எஸ் நாடாவில் ஒலிக்கு இரண்டு இடம் உண்டு. ஓரத்தில் ஒடுங்கிய கோடாக ஒன்று. ஹை-ஃபை டெக்குகளில் படத்துக்கு அடியிலேயே புதைந்து இன்னொன்று. படம் பதிந்த பிறகு ‘ஆடியோ டப்’ செய்தால் ஓரத்துக் கோடு மட்டுமே அழியும். படத்தை அழிக்காமல் அடியிலுள்ள ஒலியைத் தொட முடியாது.

அதனால் ஹை-ஃபை டெக்கில் ஓட்டும்போது ‘ஆடியோ மானிட்டர்’ பொத்தானை அமுக்கி, நார்மல், ஹை-ஃபை இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். மிக்ஸ் என்று வைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மிக்ஸரில் பாட்டைக் கலந்து பிரதி எடுத்த கேசட்டுகளில் பலன் இருக்காது, அவையே அதிகம். ஹை-ஃபையில் கரகரவென்று மட்டும் வந்தால் முதலில் டிராக்கிங்கைத் திருகிப் பாருங்கள், படம் நன்றாகத் தெரியும் இடமும் ஒலி தெளியும் இடமும் கொஞ்சம் விலகி இருக்கும். பாட்டுக்கு அடியில் பேச்சும் கொட்டும் குரவையும் கேட்டுவிட்டால், அந்தக் கேசட்டை ஹை-ஃபையில் வைத்து மறுபடி ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பதியுங்கள்.